கழுத்தில் கிடக்கும் பயம்

எங்கள் தெருவில் இப்போது பெண்கள் நடந்து போவதில்லை. யாரும் தடை போடவில்லை, யாரும் அதைப் பேசி முடிவெடுக்கவும் இல்லை. கடைக்குப் போவதென்றால் மகன் வண்டியை எடுக்கிறான், கோவிலுக்குப் போவதென்றால் ஆட்டோவைக் கூப்பிடுகிறார்கள், பேருந்து நிறுத்தம்வரை கணவர் கொண்டுபோய் விடுகிறார். மாலை விளக்கு வைத்த பிறகு தெரு துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடுகிறது. மதுரையில், நத்தம் சாலையில் திருப்பாலையைத் தாண்டி உள்ளே பிரிகிற பகுதி இது. வயலாக இருந்து மனையாகி, மனையிலிருந்து வீடாகி, வீட்டுக்கு வீடு கம்பிக் கதவும் கேமராவும் வந்துவிட்ட இடம். இந்த வெறுமை எப்போது தொடங்கியது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: மூன்றாவது வீட்டு மதினியின் சங்கிலி போன அன்றைக்கு.

அதிகாலையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார் மதினி. பின்னாலிருந்து ஒரு வண்டி வந்தது. உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டினான். மதினி அனிச்சையாகச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததால் கீழே விழுந்தார், விழுந்தபின்னும் விடாததால் கொஞ்ச தூரம் இழுபட்டார். சங்கிலி அறுந்த பிறகுதான் வண்டி போனது. முழங்கையிலும் முட்டியிலும் தோல் வழன்றுவிட்டது. பிடரியிலிருந்து காதுக்குக் கீழ்வரை கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு. முதலில் சிவப்பாக இருந்து பிறகு கறுத்துப்போனது. கையில் நாலு விரற்கடை நீளத்துக்கு ஒரு சங்கிலித் துண்டு மிஞ்சியிருந்தது. தாலி ரவிக்கைக்குள் விழுந்திருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே கண்டார்கள். துக்கம் விசாரிப்பதைப்போல வந்தவர்கள் எல்லோரும் ‘மாங்கல்யம் தப்பியதே, அது போதும்’ என்றார்கள். காயத்துக்கு மருந்து போட்டாயா என்ற கேள்வியை நான் இருந்தவரை இரண்டு பேர்கூடக் கேட்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே உறுத்தியது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அந்த உறுத்தல்தான்.

எதிர்வீட்டுக் கேமராவில் முழுவதும் பதிவாகியிருந்தது. சில நொடிகள்தான். பால் பை சிதறி வெள்ளையாக ஓடுவது தெரியும், ஒரு நாய் எழுந்து விலகுவது தெரியும். போலீசுக்குக் கொடுத்த பதிவு வாட்ஸ்அப் குழுவுக்கும் போனது. அங்கிருந்து எங்கெங்கோ போய், ‘எச்சரிக்கை, உங்கள் பகுதியிலும் நடக்கலாம்’ என்ற தலைப்போடு திரும்பவும் எங்கள் தெருவுக்கே வந்தது. நடந்தது ஒரு தடவை. எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் அது நூறு தடவை நடந்துவிட்டது. மனிதர்கள் ஆபத்தின் அளவை எண்ணிக்கையால் கணிப்பதில்லை, எது சுலபமாக நினைவுக்கு வருகிறதோ அதை வைத்தே கணிக்கிறார்கள் என்று உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-லேயே எழுதிவிட்டார்கள். கைப்பேசியில் மதினி விழுந்துகொண்டே இருக்கும்போது எந்தப் பெண்ணால் வேறு கணக்குப் போட முடியும்?

விடிவதற்கு முன்பு கோலம் போடுகிற பழக்கம் முதலில் நின்றது. மார்கழியில்கூட நன்றாக வெளுத்த பிறகே வாசல் தெளித்தார்கள், அதுவும் கம்பிக் கதவுக்கு உட்புறம், சிமெண்ட் தரையில். காலை நடை நின்றது. சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து பூக்கட்டுவது நின்றது. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திச் செருகுவது எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. சித்திரை வெயிலிலும் அப்படித்தான். என் அம்மா ஊக்கு குத்திக்கொள்ளத் தொடங்கினார். சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்துப் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இழுக்கிறவன் இழுத்தால் ஊக்கு சங்கிலியைக் காப்பாற்றாது, அம்மாவையும் சேர்த்துக் கீழே தள்ளும்.

அம்மாவின் இரண்டு ஆண்டுகள்

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் வாழ்ந்தவர். ஒரே வாசல், உள்ளே வரிசையாகக் குடித்தனங்கள், நடுவில் அடிகுழாய். அங்கே இரவு இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டுப் பெண்கள் கூட்டமாக நடந்து வருவார்கள். வழியில் இட்லிக் கடை திறந்திருக்கும், மூட்டை இறக்குகிற லாரி நிற்கும், பூக்காரர்கள் விழித்திருப்பார்கள். தூங்கா நகரம் என்று இந்த ஊரைச் சொல்வது பெருமைக்காக மட்டும் இல்லை. பெண்களுக்கு அதுதான் பாதுகாப்பாக இருந்தது. திருடர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். எப்போதும் இருந்திருக்கிறார்கள். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் இந்த ஊரின் இரவைச் சொல்லும்போது நகைக்கு ஆசைப்பட்டு நூலேணியும் உளியுமாகத் திரிகிற கள்வர்களையும் சொல்கிறார், மழை கொட்டுகிற நள்ளிரவிலும் அவர்களைத் தேடி நடக்கிற ஊர்காவலர்களையும் சொல்கிறார். அதே பாட்டில்தான் அல்லங்காடி என்கிற இரவுச் சந்தையும் வருகிறது. கள்வர் இருக்கிறார்கள் என்று அந்த ஊர் சந்தையை மூடவில்லை.

விரிவாக்கப் பகுதிக்கு வந்த பிறகு அம்மா வீட்டோடு ஒடுங்கிப்போனார். அவரை மறுபடி வெளியே கொண்டுவந்தது 2021 மே மாதம் வந்த அரசாணை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும், அப்பாவிடம் காசு கேட்கத் தேவையில்லாத முதல் பயணத்தை அம்மா தன் அறுபத்து நான்காவது வயதில் போனார். அழகர்கோவிலுக்கு. பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட்டுவிட்டு, சம்பா தோசைப் பிரசாதம் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தார். பிறகு திருப்பரங்குன்றம், ஒத்தக்கடையில் இறங்கி யானைமலை அடிவாரத்து நரசிங்கர், வண்டியூர் தெப்பக்குளம் என்று போய்க்கொண்டே இருந்தார். தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து பழைய காம்பவுண்டுத் தோழி ஒருவரோடு மணிக்கணக்காகப் பேசிவிட்டு வருவார். அந்த இரண்டு ஆண்டுகளில் அம்மாவின் முட்டிவலிகூடக் குறைந்தது. டிக்கெட் இல்லாத பஸ் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

மதினி விழுந்த அன்று அதுவும் முடிந்தது. வீட்டிலிருந்து நிறுத்தம் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடத்தை அப்பா அனுமதிக்கவில்லை. அண்ணன் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அம்மா பக்கவாட்டில் உட்கார்ந்து, ஒரு கையால் சேலையையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு, தலையில் ஒன்றும் இல்லாமல் நத்தம் சாலையில் போவார். பறக்கும் பாலம் திறந்த பிறகு அந்தச் சாலையில் வண்டிகள் என்ன வேகத்தில் இறங்குகின்றன என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அம்மா இப்போது பாதுகாப்பாகப் போகிறார் என்று வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்.

எனக்கு அந்த நிம்மதி வரவில்லை. 2022-ல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அதே ஆண்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். தலைக்கவசம் இல்லாமல் இருசக்கர வண்டியில் போய் நாடு முழுவதும் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் வண்டியை ஓட்டாதவர்கள், பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அந்த எண்ணை நான் அண்ணனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, ‘நான் மெதுவாகத்தானே ஓட்டுகிறேன்’ என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானத்துக்குப் பயந்து காரில் போனவர்களால், அடுத்த ஓராண்டில் சாலையில் ஏறத்தாழ 1,500 உயிர்கள் கூடுதலாகப் போயின என்று கெர்ட் கிகெரென்சர் என்ற உளவியலாளர் கணக்கிட்டிருக்கிறார். பயம் எந்த ஊரிலும் இப்படித்தான் வேலை செய்கிறது. படமாகக் கண்ணில் நிற்கிற ஆபத்திலிருந்து தப்பிக்க, கண்ணில் நிற்காத ஆபத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறோம்.

கதவுக் கூட்டம்

சம்பவம் நடந்து சில வாரங்களில் குடியிருப்போர் சங்கம் கூடியது. தெருவின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு போடுவது, இரவு பத்து மணிக்குப் பூட்டுவது, பகலிலும் வெளியாட்களை உள்ளே விடாமல் இருப்பது என்பது திட்டம். வெளியாட்கள் யார் என்ற பட்டியலும் பேச்சோடு பேச்சாக நீண்டது. பழைய இரும்பு வாங்குகிறவர், கீரைக்காரம்மா, சோன்பப்டி மணிக்காரர், டைல்ஸ் ஒட்ட வந்து பக்கத்து மனையில் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் வடநாட்டுப் பையன்கள். இவர்களில் யாராவது வேவு பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எந்த ஆதாரமும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எனக்கு உள்ளே நடுங்கியது. பயம் தனக்கு ஒரு முகத்தைத் தேடிக்கொள்ளும்போது என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் அறியும். உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் இருக்கிறது. ஒரு சமூகத்தில் பிறந்த ஆண்கள் எல்லாருமே குற்றவாளிகள் என்று எழுதி வைத்து, ரேகை உருட்டச் சொல்லி, இரவானால் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன சட்டம் இங்கே நடைமுறையில் இருந்தது. அதை எதிர்த்த ஊர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து 16 பேர் இறந்தார்கள். அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆக வேண்டியிருந்தது. இவ்வளவு பழையதை ஏன் சொல்கிறாய் என்று கேட்பவர்களுக்கு, 2018 மே மாதத்தைச் சொல்கிறேன். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோவிலுக்குக் காரில் வந்த 65 வயதுப் பெண் ஒருவர், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்காக அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. தங்கள் ஊரைப் பாதுகாப்பதாக நம்பிய, நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்.

இதையெல்லாம் நான் கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களின் முகத்தில் மாற்றம் இல்லை. ‘டீச்சர், உங்கள் வீட்டில் போயிருந்தால் தெரியும்’ என்று ஒருவர் சொன்னார். அப்போதுதான், அதுவரை கடைசி நாற்காலியில் தலைப்பைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மதினி பேசினார். கூட்டத்தில் அவர் பேசி யாரும் பார்த்ததில்லை.

“நான் விழுந்து கிடந்தபோது கத்தினேன். எத்தனை வீடு தள்ளிக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு கதவும் திறக்கவில்லை. யாரையும் தப்புச் சொல்லவில்லை, தூக்கத்தில் இருந்திருப்பீர்கள், ஏசி ஓடியிருக்கும். முதலில் ஓடி வந்தது கீரைக்காரம்மாதான். கூடையை அப்படியே போட்டுவிட்டு வந்தது. கொட்டகையில் இருந்து ஒரு பையன் வந்தான். பாஷை தெரியாது, தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றினான். அவனுடைய துண்டைத்தான் கழுத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கதவைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து யாராவது விழுந்தால் யார் வருவார்கள் என்று மட்டும் யோசித்துப் போடுங்கள்.”

இந்தப் பேச்சால் எல்லாரும் மனம் மாறினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒரு முனையில் கதவு வந்தது, இரவில் பூட்டுகிறார்கள். பகலில் யாரையும் தடுப்பதில்லை என்று மட்டும் முடிவானது. கீரைக்காரம்மா இன்றைக்கும் வருகிறார். ஆனால் அந்தக் காட்சி அந்தப் பதிவில் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்த பெண்ணும், தண்ணீர் பாட்டிலோடு வந்த பையனும் வருவதற்கு முன்பே வெட்டித்தான் அதைக் குழுவில் போட்டிருந்தார்கள். இழுத்தவனை ஊரே பார்த்தது. தூக்கியவர்களை யாரும் பார்க்கவில்லை. பயப்படுவதற்கான காரணம் கைக்குக் கை போனது, பயப்படாமல் இருப்பதற்கான காரணம் எதிர்வீட்டுக் கணினியிலேயே தங்கிவிட்டது.

இன்னொரு பயம்

இத்தனைக்கும் நடுவில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் என்ன?

2025 செப்டம்பரில் ஒரு பவுன் 80,000 ரூபாயைத் தாண்டியது. ஐந்து பவுன் தாலிக்கொடி போட்ட பெண் நான்கு லட்சம் ரூபாயைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறார். அவ்வளவு ரொக்கத்தை அந்த நேரத்தில் அந்தத் தெருவில் எந்த ஆணும் கையில் எடுத்துக்கொண்டு போக மாட்டார். பெண் மட்டும் போகிறார், ஏனென்றால் கழற்ற முடியாது. கழுத்து வெறுமையாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அடகில் இருக்கிறதா, கடனா, புருஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரும்போது பக்கத்து இலைக்காரி கண் முதலில் போவது கழுத்துக்குத்தான். வண்டியில் வருகிறவனுக்குப் பயந்து சங்கிலியைக் கழற்றினால், ஊர் வாய்க்குப் பயந்து திரும்ப மாட்ட வேண்டியிருக்கிறது. ஒரே கழுத்தில் இரண்டு பயம். முதல் பயத்துக்குக் கேமரா, கதவு, சட்டம் எல்லாம் உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக் குற்றத்துக்கென்றே 304-ஆவது பிரிவைச் சேர்த்து, மூன்று ஆண்டுகள்வரை சிறை என்று வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். இரண்டாவது பயத்தைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேச்சில்லை. சங்கிலி வீட்டில் இருக்கட்டும், பெண் வெளியே போகட்டும் என்று ஒரு வழி இருந்தது. எங்கள் தெரு, சங்கிலியும் பெண்ணும் சேர்ந்தே வீட்டில் இருக்கட்டும் என்ற வழியை எடுத்தது. மதினியைப் பார்க்க வந்தவர்கள் காயத்தை விட்டுவிட்டு மாங்கல்யத்தை விசாரித்ததற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவோடு இதைப் பேசினேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு சில நாள் கழித்து அவராகவே வந்து, மஞ்சள் கயிறு வாங்கி வா என்றார். கொடியை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டார். ‘எங்கள் பாட்டி காலத்தில் இதுதானே தாலி, தங்கம் எப்போது வந்தது?’ என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை சொன்னார். ஒரு காதுகுத்து வீட்டில் எல்லார் முன்னாலும், ‘என்ன மதினி, கழுத்து இப்படி மூளியாக இருக்கிறது, மகன் இவ்வளவு சம்பாதித்து என்ன?’ என்று கேட்டுவிட்டார். அண்ணனுக்கு முகம் சுண்டிப்போனது. அம்மா சாம்பாரை ஊற்றிக்கொண்டே, ‘அவன் சம்பாதித்தது லாக்கரில் இருக்கிறது, நான் பஸ்ஸில் போகிறேன்’ என்றார். அத்தைக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது.

எல்லாப் பெண்ணும் கயிற்றுக்கு மாற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நகை போட ஆசைப்படுகிறவர் போடட்டும். போட்டுக்கொண்டு நடக்கிற பெண்ணைப் பாதுகாப்பது ஊரின் கடமை. ‘ஏன் போட்டுக்கொண்டு போனாய்’ என்று விழுந்தவரைக் கேட்பது அநியாயம். என் கேள்வி தெருவைப் பற்றியது. ஒவ்வொரு வீடும் தன் வீட்டுப் பெண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது, அடுத்து நடக்கிற பெண்ணுக்குத் தெரு இன்னும் கொஞ்சம் காலியாகிறது. தெருமுனை டீக்கடையை இரவு சீக்கிரம் அடைக்கச் சொல்கிறார்கள், கூட்டம் சேருகிறதாம். அந்த டீக்கடை வெளிச்சத்தை நம்பித்தான் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் இறங்கும் இரண்டு பெண்கள் வீட்டுக்குப் போகிறார்கள். கேமரா அவர்கள் விழுவதைப் படம் பிடிக்கும். டீ மாஸ்டர் ஓடி வருவார்.

ஆகவே சில பேர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். நிறுத்தத்திலிருந்து எங்கள் தெருவரை எரியாமல் இருக்கும் விளக்குகளை அவற்றின் கம்ப எண்ணோடு குறித்திருக்கிறோம். நிறுத்தத்தில் நிழற்குடையும் விளக்கும் கேட்டிருக்கிறோம். கருவேலம் மண்டிக் கிடக்கும் இரண்டு காலி மனைகளைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறோம். கடைசி பஸ் வரும்வரை டீக்கடை திறந்திருக்க அனுமதி கேட்டிருக்கிறோம். இந்தக் கடைசிக் கோரிக்கைக்குத்தான் சங்கத்தில் எதிர்ப்பு அதிகம். அதை எடுத்துவிட்டால் எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோம் என்கிறார்கள். எடுக்கப்போவதில்லை. மதினியும் அம்மாவும் போட்டிருக்கிறார்கள், கதவு வேண்டும் என்றவர்களில் சிலரும் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுக்கிறோம்.